அம்சவேணியின் மாடியும் முனிரத்தினத்தின் சோலாரும்

போன ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆந்திர எல்லையில், எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் புத்தூர்க் கட்டுக்கு மேல் வைத்தியம் கிடையாது. கட்டுப் போடுகிறவர் என் கையைத் தன் முழங்காலின்மேல் வைத்துக்கொண்டு, முட்டை வெள்ளையையும் பச்சிலையையும் குழைத்துத் தடவியபடியே கேட்டார்.

"கரண்ட் ஆபீஸ்ல ஏ.இ.யா இருந்தீங்களாமே. வூட்டு மேல சோலார் போட்டா கட்டுபடி ஆவுமா சார்?"

போட வேண்டாம் என்று சொல்லி அவர் மனம் கோணினால் என் எலும்பும் அதே மாதிரி கோணிக்கொண்டு சேரக்கூடும். "பேஷா போடுங்க" என்றேன். கை நேராகச் சேர்ந்தது. அவர் போட்டாரா என்று தெரியாது.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றுகிறவர் கேட்கிறார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், பாடை கிளம்பிய கையோடு பெரிய பிள்ளை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். இப்போது மானியம் வருகிறது என்றதும் இளம் ஏ.இ.க்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "சார், நம்ம செக்‌ஷன்ல முதல் சோலார் பலகை ஏறினப்ப நீங்கதான் இருந்தீங்க, அனுபவத்தை எழுதிக் கொடுங்க" என்றார்கள். எனக்கு நாள், கிழமை மறக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்துக்கு ஒரு பத்தி போதும். திருப்பதியில் கம்பம் ஏறவும், தெலுங்கில் ரிப்போர்ட் எழுதவும், மேலதிகாரி பேசும்போது காரணம் புரியாமலே தலையாட்டவும் கற்றுக்கொண்டேன். முதலிரண்டும் சீக்கிரம் வந்தன. மூன்றாவதுதான் கடைசிவரை சோறு போட்டது.

சோலார் வருவதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த கரண்ட் ஒரே திசையில் போகும். சப்ஸ்டேஷனில் புறப்பட்டு வீட்டுக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான். லைனில் வேலை என்றால் முதலில் சப்ஸ்டேஷனிடம் லைன் கிளியர் வாங்க வேண்டும். சுவிட்சைத் திறந்து, பூட்டி, சாவியை வேலை செய்கிறவனே தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு, கம்பியில் மிச்சமிருக்கும் கரண்டை மண்ணில் இறக்க எர்த் ராடு. அதன் ஒரு முனையை முதலில் மண்ணில் கட்டிவிட்டுத்தான் மறுமுனையைக் கம்பியில் மாட்டலாம். கழற்றும்போது கம்பியிலிருந்து முதலில், மண்ணிலிருந்து கடைசியில். இந்த வரிசையை மாற்றியவர்களின் படம் சில ஆபீஸ்களில் மாலையோடு தொங்குகிறது.

வீட்டுக்கு வீடு பலகை வந்த பிறகு கரண்ட் எந்த மாடியிலிருந்தும் திரும்பி வரலாம் என்றாயிற்று. அதனால் ஊரில் கரண்ட் நின்றதும் சோலார் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். பேட்டரி இல்லாத வீட்டில் வெயில் காய்ந்தாலும் விசிறி ஓடாது. இதை விளக்குவதற்குள் எங்கள் தாவு தீர்ந்துவிடும். நாகலாபுரம் கடைத்தெருவில் ஒருவர் லைன்மேன் நாதமுனியை மடக்கினார்.

"வெயிலு அடிச்சிக்கினு கீது. பலகை என் வூட்டு மேல கீது. ஃபேன் மட்டும் ஏன்யா ஓடல?"

"ஓடினா நான் கம்பத்து மேலயே செத்துப்பூடுவேன். உனுக்கு வேர்த்தா பரவால்ல, தொடச்சிக்கோ" என்றான் நாதமுனி.

பௌர்ணமி அன்று கொஞ்சமாவது கரண்ட் வருமா என்று கேட்டவரும் உண்டு. வராது என்றதும், அப்படியானால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் என்ன வித்தியாசம் என்று கோபித்துக்கொண்டார்.

இனி என் மேலதிகாரி. டிவிஷனல் இன்ஜினியர், அதாவது டி.இ., ரங்கநாயகலு. கடப்பைப் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், பாதி வழியில் தெலுங்கு வந்து ஏறிக்கொள்ளும். ஆய்வுக்குப் போகிற வீட்டில் உட்கார ஒரு ஸ்டூலும் ஒரு சொம்பு மோரும் கேட்பார். அதற்குப் பிறகு யாரும் பேசக்கூடாது. மேகமே இல்லாத நாளிலும் கையில் கறுப்புக் குடை இருக்கும். பையில் கரண்ட் அளக்கும் டோங் டெஸ்டர் இருந்தாலும் அதிலிருந்து முதலில் வெளியே வருவது சாக்பீஸ்தான். வீட்டுக்காரர் எதிரில் 'ரிப்பேர்' என்ற சொல்லை அவர் வாயில் கேட்க முடியாது. "மிஷின் ஏதோ ஆலோசன பண்ணுது" என்பார். டிரான்ஸ்பார்மர் வெடித்துப் புகைந்துகொண்டிருந்தபோதும் அதைத்தான் சொன்னார்.

அவரிடம் நான் கொண்டுபோன வழக்குகளில் கடினமானது முனிரத்தினத்தின் வழக்கு.

நாகலாபுரத்திலிருந்து சத்தியவேடு போகிற வழியில் அவர்கள் ஊர். முனிரத்தினத்துக்கு மாந்தோப்பும் கொஞ்சம் நெல்லும் உண்டு. அவர் மனைவி அம்சவேணி கூழ்வடகமும் மோர் மிளகாயும் போட்டு, தடாவிலும் ஸ்ரீ சிட்டிப் பக்கத்திலும் கம்பெனி ஆட்கள் சாப்பிடுகிற மெஸ்களுக்குக் கொடுத்துவந்தார். மாடிதான் அவருடைய தொழிற்சாலை. பெண் திருப்பதியில் நர்சிங் படிக்கிற செலவு முழுவதும் அந்த மாடியில் காய்ந்துதான் வந்தது.

முனிரத்தினம் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, தோப்புக் குத்தகைப் பணத்தைக் கொண்டுபோய்ச் சோலாரில் போட்டார். பலகை மாட்ட வந்தவர்கள் வெயில் நன்றாக விழுகிற தெற்குப் பாதியை எடுத்துக்கொண்டார்கள். அம்சவேணி இத்தனை வருஷமாக வடகம் ஊற்றியதும் அதே காரணத்துக்காக அதே பாதியில்தான். வடக்கே மிஞ்சிய துண்டில் பலகையின் நிழல் போக ஒரு பாய் விரிக்கத்தான் இடம் இருந்தது.

சண்டை முற்றி, அம்சவேணியின் தம்பி சேகர் பஞ்சாயத்துக்கு வந்தான். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் பேச்சு முடிந்தது.

"உகாதிக்கு வர்ற பில்லு ஜீரோ ஆவணும். ஆவலன்னா பலகைய கழட்டி வித்துட்டு மாடிய அக்கா கையில குடுத்துடணும். சம்மதமா மாமா?"

"சம்மதம்டா. ஆச்சுன்னா மாடிப் பக்கம் உங்க அக்கா பாயத் தூக்கினு வரக்கூடாது. ஜம்முனு கீழ உக்காந்து துன்னட்டும்."

"உக்காந்து துன்றேன்னு உங்க கிட்ட யாரு கேட்டாங்க?" என்றார் அம்சவேணி.

முதல் பில் நன்றாக இறங்கியது. ஐப்பசியில் மழை, அதனால் ஏறியது என்று விட்டுவிட்டார்கள். கார்த்திகையில் வானம் வெளுத்த பிறகும் ஏறிக்கொண்டே போயிற்று. முனிரத்தினம் ஆபீசுக்கு வந்து என் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"சார், உங்க மீட்டரு துன்னுது."

மீட்டர் தின்னாது. ஆனால் அதை நிரூபிக்க ஒரு முறை இருக்கிறது. சோலார் வீட்டு மீட்டரில் நாம் வாங்கிய கரண்ட் ஒரு எண்ணாகவும் நாம் திருப்பிக் கொடுத்தது இன்னொரு எண்ணாகவும் மாறி மாறி ஓடும். இரண்டையும் முந்தைய பில்லோடு ஒப்பிட வேண்டும். பிறகு இன்வெர்ட்டரில் வீட்டுப் பக்கத்துச் சுவிட்சை அணைத்து, அடுத்ததாகப் பலகைப் பக்கத்துச் சுவிட்சை அணைத்து, ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். எர்த் குழியில் ஈரம் இருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாகப் பலகைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும் தோசை அளவுக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், வெயிலில் இறுகிப்போய் ஒட்டியிருந்தது.

"ஆயுத பூஜைக்கு வெச்சது சார். டிராக்டருக்கு வெச்சேன், மோட்டாருக்கு வெச்சேன், இத்த மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?"

"வெயில் படற எடத்துல வெச்சா எப்படி? ஸ்டாண்டு கால்ல வெக்கறதுதானே."

"சாமிக்கு நெத்தியில தான சார் வெக்கறோம்?"

ஈரத் துணியால் ஊறவைத்துத் துடைத்தோம். நான் வெற்றியோடு ஆபீசுக்குத் திரும்பினேன். அடுத்த பில் என் வெற்றியைப் பொருட்படுத்தவில்லை.

இந்தத் தடவை முனிரத்தினம் மீட்டரை விட்டுவிட்டு மனைவியைப் பிடித்துக்கொண்டார். "அவதான் சார் இன்னாமோ பண்றா. நான் தோப்புக்குப் போனதும் பலகை மேல வேட்டிய விரிச்சி வடகம் ஊத்திக்கினு கீறா."

அம்சவேணி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார். "ஊத்தினா கஞ்சிக் கறை இருக்கணுமே. எங்கன்னு காட்டச் சொல்லுங்க சார். காட்டிட்டா பலகை பக்கத்துல நானே கற்பூரம் கொளுத்தறேன்."

கறை இல்லை. உகாதி நெருங்கிக்கொண்டிருந்தது. டி.இ.யிடம் போனேன்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில் வந்தார். ஸ்டூல் வந்தது. மோர் வந்தது. குடையை விரித்துக்கொண்டு மாடியின் மூலையில் உட்கார்ந்தார். பலகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்து அந்த நிழல் நகர்ந்த இடத்தில் இன்னொரு கோடு. முனிரத்தினம் வாயைத் திறக்கப் போனபோதெல்லாம் குடை லேசாக அசையும், அவர் மூடிக்கொள்வார். மதியத்துக்குள் மாடி முழுக்க வெள்ளைக் கோடுகள். எல்லாக் கோடும் பலகையின் அடிவரிசையில் போய் ஏறின.

கோடுகள் வந்த திசையில், தெற்குக் கைப்பிடிச் சுவரில், கழியில் கட்டிய திருஷ்டி பொம்மை நின்றுகொண்டிருந்தது. வைக்கோல் அடைத்த உடம்பு, சட்டித் தலை, பெரிய மீசை. முனிரத்தினத்தின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் விரித்திருந்தது. ஜீரோ பில் என்றால் ஊர்க் கண் படும் என்று, பஞ்சாயத்து முடிந்த வாரமே அவர் கட்டியது. ஆவணியில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் போகும், பொம்மையின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்திருக்கும். ஐப்பசிக்குப் பிறகு சூரியன் தெற்கே சாயச் சாய, நிழல் வடக்கே நீண்டு, விரித்த கையோடு பலகைமேல் படுத்துக்கொண்டது. நாகலாபுரம் கோவிலில் பங்குனியில் மூன்று நாள் சாயங்கால வெயில் பெருமாளின் பாதத்திலிருந்து நெற்றிவரை ஏறுவதைப் பார்க்க வருஷாவருஷம் போகிற ஊர் இது. வெயில் மாதத்துக்கு மாதம் இடம் மாறும் என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கும்பிடுகிறவர்களுக்கு மறந்துபோயிற்று.

"இத்தனூண்டு நிழலுக்கா சார்?" என்றார் முனிரத்தினம்.

"ஏமய்யா, திருமலையில தர்ம தரிசன வரிசையில நின்னிருக்கியா?" என்று டி.இ. முதல் தடவையாகப் பேசினார். "முன்னால ஒருத்தன் உக்காந்துட்டா பின்னால இருக்கறவங்க கதி என்ன? பலகையும் வரிசையாத்தான் நிக்குது. ஒண்ணு நிழல்ல உக்காந்தா மத்ததும் நகராது."

"அப்ப எடுத்துடணுமா? எடுத்தா கண்ணு படுமே சார்."

"எடுக்க வேணாம். வடக்குப் பக்கம் வை. திருஷ்டி எந்தப் பக்கம் நின்னாலும் போகும். நிழல் ஒரு பக்கம்தான் விழும்." சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார். "இந்த எடத்துல வைக்கச் சொன்னது யாரு?"

"அம்சா தான் சார்."

எல்லாரும் வடக்குத் துண்டில் பாயருகே இருந்த அம்சவேணியைப் பார்த்தோம். வருஷக்கணக்காக நிழலுக்குத் தப்பித் தப்பிப் பாயை இழுத்துப் போட்டு வடகம் காயவைத்தவர். அவர் ஒரு வடகத்தைத் திருப்பிப் போட்டார்.

"ரோட்டுக் கண்ணெல்லாம் தெக்கால இருந்துதான சார் வருது" என்றார்.

டி.இ. மேற்கொண்டு கேட்கவில்லை. 'தடை நிழல், அகற்றப்பட்டது' என்று என்னை எழுதச் சொன்னார். முனிரத்தினம் பொம்மையைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வடக்கே போனார். அம்சவேணி சொம்பை வாங்கிக்கொள்ள மாடிப்படியில் வந்து நின்று, தெற்கே பலகையைப் பார்த்தார். பெண்ணுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. மாடி கைவிட்டுப் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

"எண்ட போச்சுன்னு பாக்கறியாம்மா?" என்றார் டி.இ. வெயிலை அவர் எண்ட என்றுதான் சொல்வார். "எங்கயும் போகல. கம்பியில எறங்கிக் கீழதான் வருது."

"கம்பியில வர்ற வெயில்ல வடகம் காயுமா சார்?"

டி.இ. மிச்ச மோரைக் குடித்து முடித்தார். "ஆலோசன பண்ணு" என்றார்.

தை மாத பில்லில் குறைந்தபட்சக் கட்டணம் தவிர ஒன்றும் இல்லை. மாசியிலும் அப்படியே. முனிரத்தினம் ஆபீசுக்குப் பூந்தி கொண்டுவந்து ஆளுக்கு ஒரு கை கொடுத்தார். நாதமுனி இரண்டு கை வாங்கிக்கொண்டான். ஊரில் எதிரே வருகிற ஆட்களையெல்லாம் நிறுத்தி அவர் பில்லைக் காட்டுவதாகக் கேள்விப்பட்டோம். வடக்கில் நின்ற பொம்மைக்குப் புதுச் சட்டையும் கிடைத்ததாம்.

உகாதிக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது அவர் மறுபடி வந்தார். கையில் பூந்தி இல்லை.

"சார், பில்லு ஏறிக்கிச்சி. பொம்ம வடக்காலதான் கீது. சந்தனம் வெக்கல. இன்னா சார் இது?"

விஷயத்தைச் சொன்னதும், தானும் வருவதாக டி.இ. கிளம்பிவிட்டார். இந்தத் தடவை குடையைக் கொண்டுவரவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வீட்டு வாசலில் சேகர் உட்கார்ந்திருந்தான், பில்லை அவனும் பார்த்திருந்தான். நான் மாடிப்படியில் காலை வைத்தபோது டி.இ. என் தோளைத் தொட்டு நிறுத்தி, காதைக் காட்டினார். மாங்காய் பழுக்கப் போடுகிற அறையிலிருந்து ஒரே சீராக உறுமல் வந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளினார்.

உள்ளே ஆள் உயரத்துக்கு எவர்சில்வர் பீரோ மாதிரி ஒரு பெட்டி. அதில் அடுக்கடுக்காகத் தட்டு, தட்டு நிறைய வடகம். பின்னால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்சவேணியும் இன்னும் இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து, காய்ந்ததைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகளிர் குழுவில் பேசி, சென்னைப் பக்கமிருந்து வரவழைத்த டிரையர்.

"இது எப்பம்மா வந்துச்சு?" என்றேன்.

"மாசி கடைசியில சார். மெஸ்ஸுக்காரங்க ஐப்பசி மழைக்கும் சரக்கு கேட்டாங்க. இனிமே வானத்தப் பாத்துக்கினு நிக்க வேணாம் பாருங்க."

முனிரத்தினம் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். "ஃப்ரிட்ஜ் மாதிரி ஒண்ணுன்னுதான சொன்னே?"

"அது ஜில்லுனு வெக்கும், இது சூடா வெக்கும். அவ்ளோதான் வித்தியாசம்."

"இம்மாங் கரண்ட் துன்னுதே."

"சும்மா வருதுன்னு ஊரு பூரா நீங்கதான சொல்லிக்கினு இருந்தீங்க?"

"நான் ஃபேனுக்கு சொன்னேன்மே."

சேகர் எழுந்து வந்தான். அவனுக்குப் பஞ்சாயத்துதான் முக்கியம். "மாமா, பேச்சுன்னா பேச்சு. உகாதி பில்லு ஜீரோன்னு சொன்னோம். இந்த மாசம் ஜீரோ இல்ல. பலகைய கழட்ட ஆள கூட்டினு வரட்டா?"

முனிரத்தினத்தின் தோப்புக் குத்தகைப் பணம் முழுவதும் மாடிமேல் நின்றுகொண்டிருந்தது. அவர் டி.இ.யைப் பார்த்தார். டி.இ. ஒரு வடகத்தை எடுத்து ஒடித்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவன்டா அது கழட்றவன்?" என்றார் அம்சவேணி, கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைக்காமலே. "கைய வெச்சிப் பாக்கட்டும்."

"அக்கா, ஜெயிச்சது நீதான். மாடி உனுக்குதான் வருது."

"மாடி என்னுதுன்னா அதும்மேல கீறதும் என்னுதுதான?"

சேகர் யோசித்தான். பேசிய பேச்சில் இதற்கு விடை இல்லை. மெதுவாக டி.இ.யைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா சொல்றது நியாயம்தான்" என்றார் டி.இ. "மிஷின்ல எதுவும் இல்ல. நல்லா வேல செய்யுது."

எனக்கு எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத ஒரே ஆய்வு அது. பில்லை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் முனிரத்தினம் போட்ட முதல் எப்போது திரும்பும் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. அவர்கள் பெண் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள் என்பது மட்டும் தெரியும்.

அன்று நான் ஜீப்பில் ஏறப் போனபோது முனிரத்தினம் ஒரு கையில் வாளியும் மறு கையில் நீளக் கழியில் கட்டிய துணியுமாக மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா கெளம்பிட்ட?" என்றேன்.

"பலகையில தூசி கீதாம் சார்" என்றார். "தட்டு சூடேறலன்னு சொல்றா."